பெட்டி அடுக்கிய அக்கா

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பகுதியில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். பட்டப்பகலில் ஒரு வீட்டு வாசலில் ஓட்டோ வந்து நிற்கும். வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டபடி ஏறுவார். அவருக்குப் பின்னால் பெரிய சூட்கேஸ் ஒன்று ஏறும். அதன் பிடியில் ரொறன்ரோ விமான நிலையத்துத் துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அயலட்டைச் சனம், "என்ன, கனடாவுக்கோ?" என்று கேட்கும். வாசலில் நிற்கிற அக்கா, "ஓம், பயணம்தான்" என்பார். அந்தப் பயணம் அநேகமாக இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் அந்த வீட்டுக்காரருடைய தாய் வீட்டோடு முடிந்துவிடும்.

அந்தச் சூட்கேஸை அடுக்கியவர் அக்காதான். சண்டை நடக்கிற வீடுகளில் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துப் பழகிய எங்கள் பகுதியில், ஆண்களுக்குப் பெட்டி அடுக்கிக் கொடுத்து அனுப்பியவர் அவர். எத்தனை பெட்டி என்று நான் எண்ணவில்லை. அவரும் எண்ணியிருக்கமாட்டார்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், ஓய்வுபெற்று வவுனியாப் பக்கம் தங்கையோடு இருக்கிற மனிசி அந்தப் பழைய ஸ்கூட்டியிலேயே புறப்பட்டு வந்து என் வாசலில் நிற்பார். எங்கள் பிரதேச செயலகத்தில் பெண்கள், சிறுவர்களின் அலுவல்களைப் பார்த்த உத்தியோகத்தர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது அங்கே ஒரு பிரிவின் கிராம அலுவலர். கடதாசியில் என்ன எழுதினாலும் எங்கள் சனத்துக்கு நான் இன்றைக்கும் விதானையார்தான். அக்கா என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டதேயில்லை. 'விதானையார்' என்பார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று கடைசிவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

எங்களுக்குள் நடந்த முதல் கொழுவல் நன்றாக நினைவிருக்கிறது. ஒருநாள் காலையில் ஒரு பெண், உதடு வீங்கி, இரண்டு பிள்ளைகளோடு என் கந்தோருக்கு வந்திருந்தாள். சாவகச்சேரியில் சித்தி வீட்டில் கொஞ்ச நாள் நிற்கப் போவதாகச் சொன்னாள். பிள்ளைகளை அங்கே பள்ளிக்கூடம் சேர்க்க ஒரு கடிதம் வேண்டும். நானும் பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"வீடு ஆற்றை பேரிலை?"

"இவவின்ரை சீதன வீடுதான் அக்கா. ஆனால்..."

"பிறகென்ன ஆனால்? சொந்த வீட்டுக்காரிக்கு ஏன் விதானையார் சாவகச்சேரிக்குக் கடிதம் எழுதுறியள்?"

எனக்குக் கோபம் வந்தது. கையெழுத்தை வைத்துவிட்டு, "அவன் குடிச்சிட்டு அடிக்கிறான் அக்கா. இவ அங்கை எப்பிடி இருக்கிறது?" என்றேன்.

"அதைத்தான் நானும் கேக்கிறன். அடிக்கிறவன் அங்கை எப்பிடி இருக்கிறது?"

வெளியூர்க்காரருக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுப்பது வழக்கம். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருகிறார். தகப்பனும் தமையன்மாரும் வெளிநாட்டில் பனிக்குள் நின்று உழைத்துக் கட்டிய வீடு, உறுதிப் பத்திரம் அவள் பெயரில். அப்படி இருந்தும் அடி விழுந்தால் படி இறங்குகிறவள் அவள்தான். பிள்ளைகளும் புத்தகப் பையோடு பின்னால் போகும். அடித்தவர் விறாந்தையில் காலை நீட்டிக்கொண்டிருப்பார். பத்து வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அக்கா கேட்கும்வரை இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"ஷெல்லுக்கு ஓடினனாங்கள், ஆமிக்கு ஓடினனாங்கள். இப்ப சண்டை முடிஞ்சு சொந்த வீட்டிலை வந்து இருக்கேக்கை, கட்டின மனிசனுக்கும் ஓடுறதோ?" என்று அன்றைக்குக் கேட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தவள், அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். நான் எழுதின கடிதம் கிழிபட்டது.

அதற்குப் பிறகு பொலிஸ், நீதிமன்றம், பாதுகாப்புக் கட்டளை என்று எல்லாம் உண்டு. அடிக்கிறவர் இத்தனை மாதத்துக்கு இந்த வீட்டுக்குள் காலடி வைக்கக்கூடாது என்று நீதவான் சொல்லக்கூடிய சட்டம் நாட்டில் இருக்கிறது. அது இருப்பது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் கதைக்கமாட்டார்கள். அக்கா கதைத்தார். கட்டளை கிடைத்த அன்றே ஒரு பொலிஸ்காரர், சாட்சிக்கு நான், ஒரு ஓட்டோ, ஒரு சூட்கேஸ் என்று படை புறப்படும். சூட்கேஸுக்குப் பஞ்சமில்லை. விடுமுறைக்கு வருகிற வெளிநாட்டுச் சொந்தங்கள் விட்டுவிட்டுப் போனவை எல்லா வீட்டு அலுமாரிகளுக்கு மேலும் தூசி பிடித்துக் கிடந்தன. அக்கா அவற்றைக் கேட்டு வாங்கித் தன் கந்தோர் மூலையில் அடுக்கி வைத்திருந்தார். செயலாளர் எத்தனையோ தரம் முறைப்பட்டார், பலிக்கவில்லை.

அக்கா பெட்டி அடுக்குவதைப் பார்க்கவேண்டும். அவசரமே இருக்காது. சேட்டின் கழுத்துப் பொத்தானைப் பூட்டி, கைகளை உள்ளே மடித்து, கடையில் வாங்கினது மாதிரி வைப்பார். சாரம், துவாய், சவரச் சாமான், பிறஷர் குளிசை, அந்தக் குளிசையை எழுதிக்கொடுத்த கிளினிக் கொப்பி, மூக்குக்கண்ணாடி, பழைய மூக்குக்கண்ணாடி, கோயிலுக்குக் கட்டுகிற வேட்டி. ஒவ்வொன்றையும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுவார். கடைசியில் கணவர் கையெழுத்து, கீழே சாட்சியாக என் கையெழுத்து. இவ்வளவு கவனம் எதற்கு, அடிக்கிறவனுக்கு இந்த உபசாரம் வேறா என்று ஒருநாள் கேட்டேன்.

"உபசாரமோ?" என்றார். "ஒரு சவரக் கத்தி விடுபட்டாலும் அதைச் சாட்டி நாளைக்கு வாசல் கேற்றிலை வந்து நிப்பார். 'என்ரை சாமானை எடுக்க வந்தனான்' எண்டுவார். இவள் பாவமெண்டு கேற்றைத் துறப்பாள். திரும்பி வாறதுக்கு ஒரு சாட்டும் இருக்கக் கூடாது விதானையார். அதுக்குத்தான் இந்தப் பாடு."

ஒரு வீட்டில் மனிசன் எழும்பமாட்டேன் என்று கதிரையில் குந்திக்கொண்டுவிட்டார். பொலிஸ்காரர் தோளில் கை வைக்கப் போனார். அக்கா மறித்துவிட்டு, பெட்டியைப் பூட்டி முடித்து, அவருக்கு முன்னால் போய் நின்று, "தம்பி, நீங்கள் இருக்கிற கதிரை சீதனத்தோடை வந்ததோ, நீங்கள் வாங்கினதோ?" என்று தன்மையாகக் கேட்டார்.

"நான் வாங்கினது. என்ரை உழைப்பு."

"அப்ப அதுவும் வரோணும். ஒருக்கா எழும்புங்கோ, ஓட்டோவிலை கட்டுவம்."

மனிசன் எழும்பினார். கதிரை ஓட்டோவின் பின்பக்கம் கயிற்றால் கட்டப்பட்டது. கொப்பியில் 'கதிரை - 1' என்று ஏறியது. திரும்பி வரும் வழியெல்லாம் பொலிஸ்காரர் சிரித்து முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை இரவில் எங்கே படுக்கிறது என்று மட்டும் யோசித்துக்கொண்டு வந்தார்.

பிள்ளைகளிடம் அவர் முதலில் கேட்பது அதைத்தான். அப்பா அடிக்கிறவரோ, அம்மா அழுகிறவவோ என்றெல்லாம் கேட்கமாட்டார். தோடம்பழ இனிப்பு ஒன்றைக் கையில் வைத்துவிட்டு, "நீ எங்கை படுக்கிறனி, எனக்குக் காட்டு பாப்பம்" என்பார். பிள்ளை கூட்டிக்கொண்டு போய்க் காட்டும். கட்டில் ஒன்றிருக்க, குசினிக் கதவுக்குப் பின்னால் பாய் விரித்திருக்கிற இடத்தை ஒரு பிள்ளை காட்டியது. தாயின் அறை வாசலில் குறுக்காகப் படுப்பதாக இன்னொன்று சொன்னது. அக்காவுக்கு அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை. வேலை முடிந்து அவர் திரும்பப் போய்ப் பார்ப்பதும் அதைத்தான்: பிள்ளை கட்டிலுக்குத் திரும்பிவிட்டதா?

எல்லா இடத்திலும் இது சரிவரும் என்று அவர் நம்பவில்லை. வீடு மனிசன் பெயரில் இருந்த குடும்பங்கள் உண்டு. கத்தியோடு திரிகிறவர்கள் உண்டு. அப்படியென்றால் ஒரு கதையுமில்லாமல் தாயையும் பிள்ளைகளையும் அந்த மணித்தியாலமே ஏற்றிக்கொண்டு போய்ப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிடுவார். எங்கே விட்டார் என்று எனக்கும் சொல்லமாட்டார். ஆனால் அந்த நாட்களில் அவர் மத்தியானச் சாப்பாட்டுப் பாசலைத் திறந்துவைத்துவிட்டு அப்படியே இருப்பார். அப்படியொரு மத்தியானம்தான் தன்னுடைய கதையைச் சொன்னார். வல்வெட்டித்துறையில் அவருடைய தாய்க்கும் சீதன வீடு இருந்ததாம். தனக்கு ஒன்பது வயதில் ஒருநாள் விடிய, தாய் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டு இறங்கினாவாம்.

"பிறகு பெரியம்மா வீடு, மாமா வீடு, தூரத்துச் சொந்தம் எண்டு ஏழு வீட்டிலை படுத்தெழும்பினனான் விதானையார். எல்லா வீட்டிலையும் நல்லாத்தான் பாத்தவை. ஆனால் ஒரு வீட்டிலையும் நான் ரெண்டாந்தரம் சோறு கேட்டதில்லை."

இதைச் சொல்லிவிட்டுப் பாசலில் இருந்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டார். என்னிடமிருந்த மிளகாய்ப் பொரியலையும் எடுத்துக்கொண்டார்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. கோபக்காரி. கூட்டங்களில் பெரிய அதிகாரிகளின் கதையை இடையில் மறித்துவிடுவார். என் கந்தோருக்கு வந்தால் என் கதிரையில்தான் இருப்பார். ஆனால் எனக்கு அவரில் பெரிய விருப்பம். அந்த விருப்பத்தோடேயே அவருக்கு ஒரு துரோகமும் செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தச் சித்திரத்தை முடிக்க முடியாது.

வதனி என்று ஒரு பெண். பெயர் நான் வைத்ததுதான். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் எட்டாம் ஆண்டு, இளையவள் மூன்றாம் ஆண்டு. கணவர் கட்டடச் சாமான் கடையொன்றில் பொறுப்பாக இருந்தவர். குடிக்கமாட்டார். கோயில் திருவிழாவில் முன்னுக்கு நிற்பார். கண்டால் சைக்கிளால் இறங்கிக் கதைப்பார். அவர் பெல்ற்றால் அடிப்பார் என்று அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை. வைத்தியரின் அறிக்கையைப் பார்த்தபிறகுதான் வாயை மூடினேன்.

கட்டளை கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. நாங்கள் போய்ச் சேரப் பின்னேரம் ஐந்தரையாகிவிட்டது. கணவர் சத்தம் போடவில்லை. விறாந்தையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா வழக்கம்போல அடுக்கினார். கடைசியாக மண்டபத்துச் சுவரைப் பார்த்தார். அங்கே கணவருடைய தாயின் படம் இருந்தது. முந்தின வருடம் காலமான மனிசி. சந்தனப் பொட்டு, பிளாஸ்ரிக் மாலை, முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்ப்.

"அதையும் கழட்டுங்கோ விதானையார்" என்றார் அக்கா.

"அக்கா, வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம்."

"கழட்டுங்கோ. திவசம் வருகுதெல்லே."

கழற்றினேன். அக்கா அதைத் துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி என் கையில் தந்தார். கொப்பியில் 'தாயாரின் படம் - 1' என்று எழுதினார். கணவரும் கையெழுத்து வைத்தார், நானும் வைத்தேன். பிறகு அக்கா பொலிஸ்காரரோடு குசினிப் பக்கம் வதனியிடம் போனார். கணவர் எனக்குக் கிட்ட வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணை, நான் இப்ப கடை மேல்மாடியிலை சாக்குகளுக்கு நடுவிலைதான் படுக்கப் போறன். அம்மாவைக் கொண்டுபோய் அங்கை வைக்கேலுமோ? ஒரு இடம் பாத்திட்டு நானே ஆள் விட்டு எடுக்கிறன். அம்மாவை மட்டும் றோட்டிலை இறக்காதேங்கோ."

என் தாய் இறந்தும் அப்போது ஒரு வருடம் ஆகவில்லை. நான் இணுவிலில் கோயில் மணி கேட்டு வளர்ந்தவன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் செத்துப்போன மனிசியைச் சுவரிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோமே என்று பட்டது. துவாயை அவிழ்த்தேன். படத்தைத் திரும்ப ஆணியில் கொழுவினேன். பல்பையும் போட்டேன். குசினி வாசலில் நின்று வதனி பார்த்தாள். அந்த மாமியாரைக் கடைசி இரண்டு வருடமும் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் அவள்தான். அவளும் அக்காவைக் கூப்பிடாமல் உள்ளே போய்விட்டாள். அக்கா பெட்டி ஏறியதை மட்டும் பார்த்தார். படம் தான் சொன்னபடி பெட்டிக்குள் போயிருக்கும் என்று நம்பினார்.

ஐந்து கிழமை கழித்துத் திவசம் வந்தது. கணவர் வாழையிலை, மரக்கறி, தேங்காய் எல்லாவற்றோடும் ஐயரையும் கூட்டிக்கொண்டு கேற்றில் வந்து நின்றாராம். படம் இருக்கிற இடத்தில்தானே படையல் வைக்கவேண்டும்? ஐயரை வாசலில் நிற்க வைத்துவிட்டுக் கட்டளையைப் பற்றிக் கதைக்கிற மனம் எங்கள் பெண்களுக்கு வராது. கேற் திறந்தது. வதனி முழுகிவிட்டுச் சமைத்தாள். படைத்தார்கள், சாப்பிட்டார்கள். ஐயர் போய்விட்டார். அவர் போகவில்லை.

மூன்று நாள் அயலட்டை ஒன்றும் கேட்கவில்லை. குடும்பம் ஒன்றுசேர்ந்துவிட்டது என்று சந்தோசப்பட்டதாகப் பிறகு சொன்னார்கள். மூன்றாம் நாள் பெல்ற்றைக் கழற்றியபோது மூத்தவள் தாய்க்கு முன்னால் வந்து நின்றிருக்கிறாள். அவளைப் பிடித்து இழுத்து எறிந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. பொலிஸ் வந்து அவரைக் கொண்டுபோனது.

அடுத்தநாள் காலையில் அக்கா என் கந்தோருக்கு வந்தார். அன்றைக்கு என் கதிரையில் இருக்கவில்லை. கொப்பியை மேசையில் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார். கீழே என் கையெழுத்து வடிவாக இருந்தது.

"இந்தப் படம் எப்பிடி விதானையார் திரும்பச் சுவருக்குப் போனது?"

சொன்னேன். வெள்ளிக்கிழமை என்பதையும், என் தாயையும், அந்த மனிசனின் கண்ணீரையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நியாயமாகப் படவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"வெளிக்கிடுங்கோ" என்றார். "ஆஸ்பத்திரிக்கு. இதை என்னட்டைச் சொல்லிப் பிரயோசனமில்லை."

ஸ்கூட்டியின் பின்னால் இருந்துகொண்டு போனேன். எங்கள் பகுதி விதானையாரை ஒரு மனிசி ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போவதை வீதி முழுக்கப் பார்த்தது. அன்றைக்கு அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்னால் என்ன சொல்லப்போகிறேன் என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

பிள்ளை கட்டிலில் சாய்ந்திருந்தாள். முறிந்த கையில் புதுச் சாந்துக்கட்டு. அக்கா கட்டில் ஓரத்தில் இருந்தார். எனக்கு ஸ்ரூலைக் காட்டினார். நான் இருக்கவில்லை.

"பிள்ளை" என்றேன். "உங்கடை அப்பம்மாவின்ரை படத்தைத் திரும்பக் கொழுவினது நான்தான். அக்கா கழட்டச் சொன்னவ. நான் ஏமாத்திப்போட்டன். அது என்ரை பிழை."

அவள் என்னைப் பார்க்கவில்லை. சாந்துக்கட்டைப் பார்த்தபடி இருந்தாள். அப்படியே சொன்னாள்:

"நான்தான் கேற்றைத் துறந்தனான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளை இரவு முழுக்க இதைத்தான் நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அம்மா திறக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தாளாம். ஐயர் வெயிலில் நிற்கிறாரே என்று இவள் ஓடிப்போய்க் கொண்டியைத் தூக்கினாளாம். அக்காவுக்கு அது முன்னமே தெரிந்திருக்கிறது. என்னைத் தண்டிக்க அல்ல, அந்தப் பிள்ளைக்காகத்தான் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

அக்கா அவளுடைய முறியாத கையைப் பிடித்தார்.

"ஓம், கேற்றைத் துறந்தது நீ. படத்தைக் கொழுவினது உவர். உவரைச் சரியாப் பாக்காமல் விட்டது நான். இப்ப சொல்லு, கையை முறிச்சது ஆர்?"

பிள்ளை காலை மடித்து இழுத்துக்கொண்டாள்.

"சொல்லு. ஒருத்தரும் கோவிக்கமாட்டினம்."

"அப்பா."

"அவ்வளவும்தான். அதோடை நில்லு. மிச்சத்தை நாங்கள் ரெண்டு பெரிய ஆக்களும் கொண்டுபோறம்."

பிள்ளை அதற்குப் பிறகுதான் அழுதாள். வாய்விட்டு, பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அக்கா நிறுத்தச் சொல்லவில்லை. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் அழுததை அக்கா கண்டிருப்பார், ஆனால் பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அடுத்த கிழமை இரண்டாந்தரம் பெட்டி அடுக்கினோம். கணவர் விளக்கமறியலில் இருந்தார்; கடையிலிருந்து அவர் திரும்பக் கொண்டுவந்த சாமான்கள் வீட்டில் கிடந்தன. அவருடைய தமையன் சாமான்களை எடுக்க ஓட்டோவோடு வந்து வெளியில் நின்றார். அக்கா கதிரையில் இருந்துகொண்டு, "இண்டைக்கு நீங்கள் அடுக்குங்கோ" என்று எனக்குச் சொன்னார். வாழ்க்கையில் என் சேட்டுகளையே நான் மடித்தவனில்லை. இளையவள் பக்கத்தில் வந்து நின்று, "கழுத்துப் பொத்தான் பூட்டேல்லை" என்று பிழை பிடித்தாள். படத்தை நானே கழற்றினேன். அன்றைக்கு என்ன கிழமை என்று பார்க்கவில்லை. துவாயில் சுற்றி, சேட்டுகளுக்கு நடுவில் வைத்து, பெட்டியைப் பூட்டி, தமையனின் கையில் நானே கொடுத்தேன். ஆணியையும் பிடுங்கினேன். வதனி ஒரு ஈரத்துணியால் சுவரில் இருந்த சந்தனக் கறையைத் துடைத்தாள்.

நாங்கள் மூன்று பேரும், அக்கா, நான், கூட வந்த பெண் பொலிஸ் பிள்ளை, வெளிக்கிட ஆயத்தமாக மண்டபத்தில் நின்றோம். வெளியில் ஓட்டோ இன்னும் ஸ்ராட் ஆகவில்லை. மூத்தவள் வாசல் கதவடிக்குப் போனாள். வலது கை கழுத்தில் தொங்கியது. இடது கையால் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளுக்கு எட்டி, இரண்டு தரம் வழுக்கி, மூன்றாந்தரம் போட்டாள். கீழ்த் தாழ்ப்பாளையும் குனிந்து போட்டாள். பிறகு கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றாள்.

"பிள்ளை, இவை போகோணும்" என்றாள் வதனி.

அக்கா வதனியைக் கையால் மறித்தார். ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தார்.

"எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை" என்றார். "பூட்டினவ சொல்லட்டும்."

நானும் இருந்தேன். பொலிஸ் பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வெளியில் ஓட்டோ புறப்பட்டு, ஒழுங்கை முடக்கில் திரும்பி, சத்தம் தேய்ந்து போனது. இளையவள் வந்து தமக்கைக்குப் பக்கத்தில் தானும் கதவில் சாய்ந்து நின்றாள். பொலிஸ் பிள்ளையின் போன் இரண்டு தரம் அடித்தது. இரண்டாந்தரம் எடுத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "இன்னும் முடியேல்லை சேர்" என்று சொல்லி வைத்தாள். அந்தப் பிள்ளை தானாகத் தாழ்ப்பாளில் கை வைக்கும்வரை எங்களில் ஒருவரும் எழும்பவில்லை.